ஆலோசனைப் பெட்டியைக் கழற்றிய நாள்

ஊழியர் பங்கேற்புக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர் என்பது அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் டூட்டிக்கு வந்து, மெஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டுத் திரும்பினேன். எதிரே புதுத் தாள் ஒட்டியிருந்தது. மருத்துவமனையில் வரப்போகும் மாற்றங்களில் எல்லா ஊழியர்களும் மனமுவந்து பங்கேற்க வேண்டும், அதற்காகப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு அமைக்கப்படுகிறது என்று இருந்தது. ஐந்தாவது பெயர் என்னுடையது. கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: கூட்டத்துக்கு வராதவர்கள் பணிக்கு வராதவர்களாகக் கருதப்படுவார்கள்.

என் பின்னால் நின்று ஸ்ட்ரெச்சர்காரர் அதை வாய்விட்டுப் படித்தார். அவர் பெயரும் அதில் இருந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், நாம மனசார கலந்துக்கணுமாம். கலந்துக்கலைன்னா மெமோ. மத்லப், அதாவது, மனசு இருக்குதோ இல்லியோ, ஆள் இருக்கணும்."

எங்களுடையது அரசு மருத்துவமனை. ஊருக்குப் புதுப்பெயர் வந்தாலும் எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கே பெண்கள் அறுவைசிகிச்சை வார்டில் நான் இன்சார்ஜ் சிஸ்டர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த என் அப்பா அம்மாவைக் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். நான் நர்சிங் படிக்க போர்ட் பிளேர் வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கிறேன். தினம் படகில் சாத்தம் படகுத்துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ். ஸ்ட்ரெச்சர்காரர் குடும்பம் எங்களுக்கெல்லாம் மூத்தது. கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்தில் வந்தது. "எங்க பர்தாதா, கொள்ளுத்தாத்தா, சர்க்கார் கப்பல்ல வந்தவரு. டிக்கெட் கேக்கல, சங்கிலிதான் போட்டாங்க" என்பார். அவர் பேசுவதில் பாதி தமிழ், பாதி இந்தி. எந்தப் பாதி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

குழுவை அமைத்தவர் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த புதிய நிர்வாக அதிகாரி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வந்த முதல் வாரமே சமையல்கூடத்துக்குப் போய் நோயாளிகளுக்கான பருப்பை ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். மறுநாளும் அந்தப் பருப்பு அப்படியேதான் இருந்தது என்றாலும், சாப்பிட்டுப் பார்த்த முதல் அதிகாரி அவர்தான். எங்களிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை அவர் எங்களிடம் கேட்காமல் கொண்டுவந்தார்.

முதல் கூட்டம் நூலக அறையில் நடந்தது. டேபிளில் பச்சை, ரோஜா நிறங்களில் சின்னச் சின்னத் தாள்கள், பின்புறம் பசை தடவியவை. அவர் இந்தியில் ஆரம்பித்தார். தீவில் எல்லாருக்கும் பொதுவான மொழி அதுதான். ஆனால் வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், நாங்கள் என்று அந்த அறையில் இருந்தவர்களிலேயே இந்தி சரியாக வராத ஒரே ஆள் அவர்தான். பாதியில் தமிழுக்குத் தாவினார். ஸ்ட்ரெச்சர்காரர் அவர் சொன்னதை மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னார். ஆக, எங்கள் பங்கேற்பு அப்படித்தான் தொடங்கியது.

மாற்றம் இதுதான். அதுவரை எங்கள் டூட்டி காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு என்று மாறும். இனி எல்லாமே ஒரு மணி நேரம் முன்னதாக. காரணமும் சரியான காரணம். எட்டு மணிக்கு டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருகிறார்கள். அதே எட்டு மணிக்கு இரவு நர்ஸ் காலை நர்ஸுக்கு ஓவர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அதாவது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் கேள்வி கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஏழு மணிக்கே ஓவர் முடிந்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

"இது முடிவான விஷயம். எப்படி நடைமுறைப்படுத்தலாம்ங்கிறதுலதான் உங்க கருத்து வேணும்" என்றார். "சந்தோஷத்தைப் பச்சைத் தாள்ல எழுதுங்க. பயத்தை ரோஸ்ல எழுதுங்க. பேர் வேண்டாம். பயப்படாம எழுதுங்க."

பயத்தைப் பயப்படாமல் எழுதச் சொன்னதும் எல்லாரும் பச்சைத் தாளை எடுத்தார்கள். சுவரெல்லாம் பச்சையாகிவிட்டது. "நல்லது", "அச்சா ஹை", "வெரி குட்". நானும் பச்சையில்தான் எழுதினேன். இருபத்து நான்கு வருட சர்வீஸில் புது அதிகாரியின் முதல் கூட்டத்தில் என்ன நிறம் எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்ட்ரெச்சர்காரர் மட்டும் எழுந்து நின்றார்.

"சார், போட்டு எப்படி சார்?"

"எந்தப் போட்டு?"

"பாம்பூஃப்ளாட்ல இருந்து முதல் போட்டைப் பிடிச்சாலும் வார்டுக்கு வந்து சேர ஏழு பத்து, ஏழே கால் ஆகும். அது ஒண்ணு. அப்புறம், லாங் ஐலண்ட் பக்கத்துல இருந்து வர்ற பேஷன்ட்டுங்க ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில கப்பல் விட்டு இறங்கி, ஆம்புலன்ஸ்ல இங்க வர்றதுக்கு மதியம் மணி ஒண்ணு ஆகும். நீங்க ஒரு மணிக்கு டூட்டி மாத்துறீங்க. அந்த டைம்ல வார்டுல யாரு கையில பேஷன்ட்டைக் குடுக்கறது?"

நல்ல கேள்வி. அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி. அதிகாரி ஒரு பெரிய தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினார். அதன் தலைப்பில் 'பார்க்கிங்' என்று எழுதி, கீழே 'போட்' என்று எழுதினார். "முக்கியமான பாயின்ட். இதை இங்க பார்க்கிங்ல வைக்கலாம். அப்புறமா எடுத்துப் பேசலாம்."

"போட்டைப் பார்க்கிங்ல விட முடியாதுங்க சார், ஜெட்டியிலதான் கட்டணும்" என்றார் ஸ்ட்ரெச்சர்காரர். எல்லாரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார். போட் அந்தத் தாளிலேயே இருந்தது.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஏழு மணி டூட்டி வந்தது. பாம்பூஃப்ளாட்காரர்கள் எல்லாரும் தினம் தாமதம். கட்டைவிரல் வைத்தால் மெஷின் சிவப்பாக மின்னும். மூன்று சிவப்புக்கு அரை நாள் விடுப்பு போகும். மதியம் ஒரு மணிக்கு இன்னொரு கூத்து. காலை நர்ஸ் பையைத் தோளில் மாட்டியிருப்பாள், மதிய நர்ஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருப்பாள், அந்நேரம் பார்த்துக் கடல் களைப்போடு நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் வருவார்கள். "இது உன் டைம்", "இல்ல, உன் டைம்" என்று நர்ஸுகள் பேசிக்கொள்வதைப் படுத்திருந்தவர்கள் கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவது குறைந்துபோனது. ஊழியர்களிடையே நல்லுறவை வளர்ப்பது குழுவின் இரண்டாவது நோக்கம் என்று அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் ஆலோசனைப் பெட்டி வந்தது. நீலப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, மேலே நீளமான வாய், முன்னால் பளபளக்கும் பூட்டு. எங்கள் வார்டுக்கு வெளியே வராந்தாச் சுவரில் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் சாவி அதிகாரியிடம் மட்டும். மாற்றுச் சாவியும் அவரிடமே. மாதம் ஒருமுறை அவரே திறந்து படிப்பார்.

அந்த மாதம் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரத்தில் அவர் மெயின்லேண்ட் போயிருந்தார். மருத்துவமனை மாற்றங்களில் ஊழியர்களைப் பங்கேற்கச் செய்வது எப்படி என்பது குறித்து அங்கே ஒரு பயிற்சி முகாம்.

அதே வாரத்தில் லாங் ஐலண்டிலிருந்து ஓர் அம்மா எங்கள் வார்டில் அட்மிட் ஆனார். மார்பில் கட்டி. முந்தின முறை வந்தபோது சதை எடுத்து மெயின்லேண்டுக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் ரிப்போர்ட் ஒரே பிரதியாக வந்திருந்தது. அதைப் பார்த்து என்ன செய்வது என்று முடிவுசெய்ய ஒரு நிபுணர் இரண்டு நாள் பயணமாக வந்திருந்தார். அன்று மாலை விமானத்தில் திரும்புகிறார்.

காலை பத்து மணிக்கு நிபுணர் ரிப்போர்ட்டைக் கேட்டார். லேபில் கேட்டால், கணவரிடம் கொடுத்துவிட்டோம் என்றார்கள். கணவர் ஒரு காலத்தில் மரமில்லில் வேலை பார்த்தவர். அமைதியான மனிதர். வராந்தாவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரிப்போர்ட் எங்கங்க?"

"பெட்டியில போட்டுட்டேனேம்மா."

"எந்தப் பெட்டியில?"

அவர் எழுந்து வந்து நீலப் பெட்டியைக் காட்டினார். "வார்டுப் பெட்டியில போடுங்க, டாக்டர் எடுத்துக்குவாருன்னு லேப்ல சொன்னாங்க. இதுதான் புதுசா இருந்துச்சு. கவர் பெருசு, நுழையல. நாலா மடிச்சுத்தான் போட்டேன்."

ரிப்போர்ட் போட வேண்டிய பெட்டி வார்டுக்குள் என் மேசை மேல் இருந்தது. குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி. அதைப் பெட்டி என்று யார் நினைப்பார்கள்.

ஆபீஸுக்குப் போன் செய்தேன். சாவி சாரிடம், வேண்டுமானால் எழுத்து மூலம் கோரிக்கை கொடுங்கள், வந்ததும் பார்ப்பார் என்றார் கிளார்க். சாருக்குப் போன் செய்தேன். முகாமில் இருந்தார் போல, எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சர்காரர் டிரெஸ்ஸிங் தட்டிலிருந்து நீளமான ஃபோர்செப்ஸ் ஒன்றை எடுத்துப் பெட்டியின் வாயில் விட்டார். இரண்டு துண்டுத்தாளும் ஒரு காலி பிஸ்கட் உறையும் வந்தன. கவர் வரவில்லை. தலைகீழாகக் கவிழ்க்கலாம் என்றால் பெட்டி சுவரோடு இருக்கிறது.

"கழட்டிடலாம் சிஸ்டர்" என்றாள் எங்கள் வார்டு ஆயா.

இந்த ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக என் வார்டில்தான் வேலை. அவளும் பாம்பூஃப்ளாட். ஒரே படகில் வந்து, ஒரே படகில் போகிறோம். கணவன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் மாலுமி. பன்னிரண்டு வயதில் ஒரு பெண். வார்டில் எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளை என் ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கவர்ன்மென்ட் சாமான்" என்றேன்.

"அந்த அம்மாவும் கவர்ன்மென்ட் பேஷன்ட்டுதானே" என்றாள்.

எலக்ட்ரீஷியன் அன்று லீவு. தையல் வெட்டும் கத்தரியின் முனையை ஸ்க்ரூவில் வைத்து ஸ்ட்ரெச்சர்காரர் திருக ஆரம்பித்தார். ஆயா பெட்டியைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். ஒரு மணிக்கு 'உன் டைம், என் டைம்' என்று சண்டை போடும் இரண்டு நர்ஸுகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பெண்கள் வார்டு நோயாளிகள் ஐந்தாறு பேர் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "ஜோர் ஸே, பையா" என்று, இன்னும் பலமாகத் திருகச் சொல்லி உற்சாகப்படுத்தினாள் ஒரு வங்காளிப் பாட்டி. பங்கேற்புக் குழு அமைத்ததிலிருந்து நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த முதல் காரியம் ஆலோசனைப் பெட்டியைப் பெயர்த்ததுதான்.

பெட்டி சுவரைவிட்டு வந்ததும் அதன் முதுகு வெறும் பிளைவுட் என்று தெரிந்தது. ஸ்ட்ரெச்சர்காரர் ஒரு தட்டு தட்டினார். உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. கவரை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.

நிபுணர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு, கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது, இங்கேயே உள்ள டாக்டர்கள் செய்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். நான் வராந்தாவுக்கு வந்து அந்த அம்மாவின் கணவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். "கவரை மடிச்சதால ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம்தான் அழுதார்.

தரையில் கிடந்த தாள்களைப் படிக்காமல் திரும்பப் போட்டிருக்க வேண்டும். படித்தோம். எல்லாரும் குந்தி உட்கார்ந்து படித்தோம். இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் என்று பல மொழிகளில் இருந்தன. தெரியாத மொழியைத் தெரிந்தவர் படித்துச் சொன்னார். பாதிக்கு மேல் ஒரே விஷயம்: போட். ஏழு வேண்டாம், ஏழரை வையுங்கள். ஏழரைக்கு நாங்கள் வந்துவிடுவோம், எட்டுக்குள் ஓவர் முடிந்துவிடும், மதியம் ஒன்றரைக்கு மாற்றினால் வரும் நோயாளிகளைக் காலை ஆட்களே படுக்கவைத்துவிட்டுப் போவார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் எழுதியதில்லை. தனித்தனியாக, ரகசியமாக, எல்லாரும் ஒரே அரை மணி நேரத்தைக் கேட்டிருந்தோம். என் ஆங்கிலத் தாளும் அதில் இருந்தது. நல்ல கையெழுத்து. "களநிலவரம் அறிந்தவர்களைக் கலந்தாலோசிக்காமல் எடுக்கும் முடிவுகள் நீடிக்காது" என்ற பொருளில் எழுதியிருந்தேன். எழுதியபோது எனக்கே பிடித்திருந்த வாக்கியம்.

அதன் கீழே கிடந்தது அடுத்த தாள். சலவைக்கு அனுப்பும் படுக்கை விரிப்புகளை எண்ணி நோட்டில் எழுதும் கையெழுத்து. பதினோரு வருடமாகத் தினம் பார்க்கும் கையெழுத்து.

'இன்சார்ஜ் சிஸ்டர் டூட்டி லிஸ்டு போடும்போது எங்ககிட்ட கேக்க மாட்டாங்க. நாங்க போய் கேட்டா பாக்கலாம்னு சொல்லுவாங்க. பாக்க மாட்டாங்க.'

நான் அதைப் படித்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஆயா மற்றச் சீட்டுகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு, அதைத் தூக்கிச் சுவரோரம் வைக்கப் போனாள். நான் தாளை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து படகில் நாங்கள் தனித்தனியாக உட்கார்ந்தோம். அவள் பெஞ்சில் இடம் பிடித்துப் பையை வைப்பாள். நான் பார்க்காதவள்போல ஸ்கூட்டர்கள் நிற்கும் பக்கம் போய் நிற்பேன். எனக்கு அவ்வளவு கோபம். அவளுடைய பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது நான்தான் டாக்டரிடம் சொல்லி டோக்கன் வாங்கிக் கொடுத்தேன் என்பது முதல் எல்லாவற்றையும் மனதுக்குள் வரிசையாக எடுத்துவைத்தேன். அதிகாரியைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் நேர்மையான விமர்சனம். என்னைப் பற்றி அவள் எழுதியது நன்றிகெட்டத்தனம். இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதிகாரி திரும்பி வந்தார். வந்த அன்றே எனக்கு மெமோ. அரசு உடைமையான பெட்டியை அனுமதியின்றிச் சுவரிலிருந்து அகற்றியது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். நடந்ததை அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டு ஆபீஸுக்கு அனுப்பப் போகும்போது ஸ்ட்ரெச்சர்காரர் தாளை வாங்கினார்.

"ஸ்க்ரூவைக் கழட்டினது நான். உங்க பேர் மட்டும் போட்டா எனக்கு பேஇஸ்ஸத்தி, அவமானம் இல்லியா?" என்று தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டு நர்ஸுகளும் போட்டார்கள். ஆயா கடைசியாக வந்து, பேனாவை என்னிடம் கேட்காமல் ஸ்ட்ரெச்சர்காரரிடம் கேட்டு வாங்கி, நோட்டில் எழுதும் அதே கையெழுத்தில் தன் பெயரை எழுதினாள்.

அன்று மதியம் திரும்பும் படகில் நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாத்தம் மர அறுவை மில்லைத் தாண்டும் வரை இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தச் சீட்டு நீ எழுதினதுதானே?"

"ஆமா சிஸ்டர்."

"என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. மூணு தடவ சொன்னேன்."

"எப்ப?"

"அவர் கப்பல் வெளிய போற வாரத்துல எனக்குத் தொடர்ந்து ஈவினிங் டூட்டி போடாதீங்கன்னு சொன்னேன். பொண்ணு வீட்டுல தனியா இருக்கும். தீபாவளிக்கு முன்னாடி ஒருக்கா, ஜனவரியில ஒருக்கா, அப்புறம் இதே போட்டுல ஒருக்கா. மூணு தடவையும் பாக்கலாம்னீங்க."

எனக்கு நினைவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்தது. 'பார்க்கலாம்' என்பது என்னுடைய சொல்தான். வார்டில் எல்லாரும் அதை என்னைப்போலவே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள் என்று பிற்பாடு தெரியவந்தது.

"அதுக்காகப் பெட்டியில போடுவியா? பெரிய ஆபீசர் படிக்கிற பெட்டியில?"

"நீங்க போட்ட லிஸ்ட்டை யார்கிட்டப் போய்ச் சொல்றது சிஸ்டர்? உங்களுக்குமேல அவருதானே." பையை மடியில் இழுத்துக்கொண்டு, "பேர் போட வேணாம்னு சொன்னாங்க. அதான் எழுதினேன். உங்களுக்கு என் எழுத்து தெரியும்கிறது ஞாபகம் இல்ல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. படகு கரையை ஒட்டியது. இறங்கி அவரவர் வழியே போனோம். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஆனால் மறுநாள் அவள் பையை வைத்துப் பிடித்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

எங்கள் விளக்கக் கடிதத்தை அதிகாரி படித்தாரா, கொட்டிய சீட்டுகளைப் படித்தாரா தெரியாது, இரண்டு நாள் கழித்துக் கூட்டம் கூட்டினார். இந்த முறை நிறத்தாள்கள் இல்லை. சீட்டுகளைக் கையில் வைத்திருந்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"இத்தனை பேர் எழுதியிருக்கீங்க. ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?"

ஸ்ட்ரெச்சர்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"சொன்னோம் சார். பார்க்கிங்ல போட்டீங்க."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தாள் அங்கேயேதான் இருந்தது. ஒரு மூலை உரிந்து தொங்கியது. காது வரை சிவந்துவிட்டார். நான் அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தேன். எனக்கும் அந்த வாரம் காது சிவந்திருந்ததால் அவர் நிலைமை புரிந்தது.

"நாளைக்கு ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கத்துல வந்து நில்லுங்க சார். பேச வேணாம். நின்னா போதும்" என்றார் ஸ்ட்ரெச்சர்காரர்.

வந்து நின்றார். அன்று ஃபீனிக்ஸ் பேயிலிருந்து ஆம்புலன்ஸில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஸ்ட்ரெச்சர்தான் இருந்தது. ஒன்றின் சக்கரம் பக்கவாட்டில் இழுத்தது. மேலே வார்டில் நர்ஸுகள் வழக்கம்போல ஓவரில் இருந்தார்கள். அரை மணி நேரம் ஒரு வயதான பெண்மணி தாழ்வாரத்தில் படுத்திருந்தார். அதிகாரி அவருடைய குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்திருக்கும். மாற்றிக்கொள்ள ஆள் கேட்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஏழரை மணி டூட்டி வந்தது. மூன்று மாதம், ஒரு குழு, இரண்டு நிறத் தாள்கள், ஒரு தகரப் பெட்டி, ஒரு மெமோ எல்லாம் சேர்ந்து எங்களுக்கு அரை மணி நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தன. மெமோவை அவர் திரும்பப் பெறவில்லை. 'விளக்கம் ஏற்கப்பட்டது, இனி கவனமாக இருக்கவும்' என்று எழுதிக் கோப்பில் வைத்தார். லாங் ஐலண்ட் அம்மா ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். கணவர் புறப்படும் முன் வந்து, அவசரம் என்று ஏதாவது எழுதிப் போட வேண்டுமென்றால் எந்தப் பெட்டி என்று கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார்.

மெயின்லேண்டில் நடந்த ஒரு மாநாட்டில் அதிகாரி இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசினார். திரையில் ஓடிய படங்களை எங்களுக்கும் அனுப்பினார். பச்சைத் தாள் ஒட்டிய சுவர் ஒரு படம். ஸ்ட்ரெச்சர்காரர் எழுந்து நின்று பேசுவது இன்னொன்று. அதன் கீழே 'அதிகாரம் பெற்ற ஊழியர்' என்று இருந்தது. நான் படித்துச் சொன்னதும் அவர் யோசித்தார்.

"அதிகாரம் எப்ப குடுத்தாங்க? வந்திருந்தா முதல்ல அந்த ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் மாத்தியிருப்பேனே."

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாதத்திலிருந்து டூட்டி லிஸ்ட்டைப் பென்சிலில் போட்டு, இரண்டு நாள் மேசை மேல் வைத்தேன். யாருக்கு எது ஒத்துவராதோ சொல்லலாம், ஒருவரோடொருவர் பேசி மாற்றிக்கொள்ளலாம். கேட்க அழகாக இருக்கிறது. முதல் மாதம் சண்டைதான். எல்லாரும் ஒரே நாளில் லீவு கேட்டார்கள். மலையாளி நர்ஸும் தெலுங்கு நர்ஸும் ஒரு சனிக்கிழமைக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். தாளில் அழித்து எழுதி அழித்து எழுதி ஓட்டையே விழுந்துவிட்டது. பேசாமல் நானே போட்டால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று தினமும் தோன்றியது. அதைப் போய் அதிகாரியிடம் சொன்னேன்கூட. அவர் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். இந்த ஊரில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாம் மாதம் ஆயா ஒரு வழி செய்தாள். கணவனின் கப்பல் எந்தத் தேதியில் வெளியே போகிறது என்று ஃபீனிக்ஸ் பேயில் கேட்டு வந்து, லிஸ்ட்டின் ஓரத்தில் முதலிலேயே எழுதினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் முடியாத நாட்களை முதலில் எழுதினார்கள். அதற்குப் பிறகு பெயர் போட்டபோது சண்டை பாதியாகக் குறைந்தது. டவுனில் இருப்பவர்கள் மாலையை எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் படகுக்கு ஓட வேண்டியவர்களை மாலையில் யாரும் நிறுத்திவைக்கவில்லை. இந்த யோசனை எனக்கு இருபது வருடத்தில் வந்ததில்லை. வராததற்குக் காரணம், எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

போன மாதம் லிஸ்ட்டைப் பார்த்தபோது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் என் பெயர் இருந்தது. நான் எழுதவில்லை. படுக்கை விரிப்பு நோட்டின் கையெழுத்து.

"இது என்ன?" என்றேன்.

ஆயா விரிப்புகளை மடிப்பதை நிறுத்தவில்லை. "எல்லா ஞாயிறும் நீங்கதான் ஆஃப் எடுக்கறீங்க சிஸ்டர். ஒரு ஞாயிறாவது தெலுங்கு சிஸ்டர் சர்ச்சுக்குப் போகட்டும்."

"இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே."

"சொல்றமாதிரி இல்ல. இப்பதான பென்சில்ல போடறீங்க."

பார்க்கலாம் என்று வாய் வரை வந்தது. ரப்பர் என் கையில்தான் இருந்தது. அதை டிராயரில் போட்டு மூடினேன்.

அந்த ஞாயிறு முதல் படகில் போனேன். ஸ்கூட்டர்களே இல்லாத படகு. பெஞ்செல்லாம் காலி. வழிநெடுகிலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வார்டுக்குப் போய் விரலை வைத்தேன், மெஷின் பச்சையாக மின்னியது. இரவு நர்ஸ் என்னைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்தாள். "சிஸ்டர், சண்டேல நீங்களா? யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, டூட்டி என்றேன். ஓவர் கொடுக்க ஆரம்பித்தாள்.